சடன் பிரேக் போடத் தெரியுமா? பூந்தமல்லி ஹைவேயும் 'அட்வான்ஸ்டு டிரைவிங்' பயிற்சியும்... முழு விளக்கம்!

இரவு ஒன்பதரை மணி. லேசான தூறல். பூந்தமல்லி பைபாஸில் ஏறி, நசரத்பேட்டையைக் கடந்து ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போகிறது ஒரு கார். வேகம் 100. முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ் திடீரென இடதுபக்கம் ஒதுங்குகிறது. ஏன் ஒதுங்கியது என்று யோசிப்பதற்குள், அதே லேனில் பின்விளக்கு எரியாமல் நின்றுகொண்டிருக்கும் லாரி கண்ணில் படுகிறது.

இப்போது கால் என்ன செய்யும்? கை என்ன செய்யும்?

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் தேசிய நெடுஞ்சாலை 48-ல் தினமும் ஷிஃப்ட் வேலைக்குப் போய் வருபவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இருக்காது. லாரிக்குப் பதில் மாடு, மாட்டுக்குப் பதில் ராங் சைடில் வரும் பைக், அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கைப்படி, நாடு முழுக்க 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. அந்த ஒரு வருடத்தில் மட்டும் 64,105 விபத்துகள். விபத்து வகைகளில் அதிகம் எது என்று பார்த்தால், பின்னால் வந்து மோதுவது. அதாவது, ஐந்தில் ஒன்றுக்கும் மேல் 'நேரத்துக்கு நிற்க முடியவில்லை' என்ற கதைதான்.

அதனால்தான் 'அட்வான்ஸ்டு டிரைவிங்', 'டிஃபென்சிவ் டிரைவிங்' என்ற பெயர்களில் வரும் பயிற்சிகள் மேல் ஆர்வம் கூடியிருக்கிறது. வண்டி சறுக்கினால் எப்படி மீட்பது, பிரேக் போட்டுக்கொண்டே எப்படித் திருப்புவது என்று சொல்லித்தரும் பயிற்சிகள் இவை. கற்றுக்கொண்டால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதுதான். ஆனால் இதே பயிற்சியைச் சட்டமாகவே கொண்டுவந்த ஒரு நாட்டில் விபத்து குறைவதற்குப் பதில் அதிகமான கதையும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டுவது வீண்.

லைசென்ஸ் டெஸ்டில் இது வருமா?

சட்டப்படி பார்த்தால், வரும்! மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் ஓட்டுநர் தேர்வு பற்றிச் சொல்லும் 15-வது விதியைப் படித்தால், விண்ணப்பதாரர் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அதில் அவசர நேரத்தில் வண்டியை நிறுத்துவதும் ஒன்று.

நடைமுறை எப்படி என்பது லைசென்ஸ் எடுத்த எல்லோருக்கும் தெரியும். பைக் என்றால் எட்டு. கார் என்றால் கொஞ்ச தூரம் ஓட்டு, கியர் மாற்று, திருப்பு, ரிவர்ஸ் எடு. வேகம் 20-ஐத் தாண்டினாலே பெரிய விஷயம். அதில் பாஸ் ஆனவர் அடுத்த வாரமே எல் போர்டைக் கழற்றிவிட்டு பெங்களூரு ஹைவேயில் 100-ல் போகலாம். சட்டம் தடுக்காது. பிரேக்கை ஒரு முறைகூட முழு பலத்தோடு மிதித்துப் பார்க்காமலே பத்து, இருபது வருடம் ஓட்டியவர்கள் ஏராளம்.

2021 ஜூலை 1 முதல் 'அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்கள்' என்ற திட்டத்தை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அந்த மையங்களில் கார் பயிற்சி 29 மணி நேரம். வகுப்பு 8, ஓட்டுவது 21. சிமுலேட்டரும் தனி டிராக்கும் கட்டாயம். அங்கே தேறியவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டாம். பழைய முறையோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். ஆனால் தெருமுனை டிரைவிங் ஸ்கூலில்தான் இன்னும் பெரும்பாலானவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பூந்தமல்லிக்காரர்களுக்கு இந்த விஷயம் பக்கத்திலேயே இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக் இருக்கிறது. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர் கால விமான ஓடுதளத்தில் நடந்துவந்த ரேஸ்கள், 1990-ல் இந்த டிராக் வந்த பிறகு இங்கே இடம் மாறின. 3.7 கி.மீ. சுற்று. ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் இங்கே நடக்கின்றன. கொஞ்சம் தெற்கே ஒரகடத்தில் மத்திய அரசின் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கே வண்டிகளை ஓட்டி, பிரேக் பிடித்து, சோதித்துப் பார்க்கத் தனித் தடங்கள் உண்டு. ஆக, இந்த வட்டாரத்தில் காருக்கு அவசர பிரேக் டெஸ்ட் இருக்கிறது. அதை ஓட்டப்போகும் ஆளுக்குத்தான் இல்லை.

100-ல் போனால் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது ஸ்டீயரிங் வித்தை கிடையாது. இந்தக் கணக்கைத்தான்.

மணிக்கு 100 கி.மீ. என்றால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். ஆபத்தைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்துக்கொண்டால், பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே வண்டி 42 மீட்டர் ஓடியிருக்கும். நல்ல டயர், காய்ந்த சாலை, முழு பிரேக் என்றால் அதன்பிறகு நிற்க இன்னொரு 49 மீட்டர். மொத்தம் சுமார் 90 மீட்டர். அதே வண்டி 80-ல் வந்தால் மொத்தம் சுமார் 65 மீட்டரில் நின்றுவிடும். 60 என்றால் 43 மீட்டர் போதும்.

'20 கி.மீ. வேகம்தானே கூட' என்று நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். முன்னால் 65 மீட்டரில் லாரி நிற்கிறது. 80-ல் வந்த கார் லாரியைத் தொடாமல், தொட்டும் தொடாமலும் நின்றுவிடுகிறது. பக்கத்து லேனில் 100-ல் வந்த கார், அதே இடத்தில் பார்த்து, அதே நொடியில் பிரேக் போடுகிறது. அது லாரியில் மோதும்போது என்ன வேகம் இருக்கும்? பலரும் 20 என்று சொல்வார்கள். சரியான விடை, 70-க்கும் மேல்!

காரணம் இதுதான். யோசிக்கும் நேரத்திலேயே அந்தக் கார் 42 மீட்டரைத் தின்றுவிட்டது. பிரேக் வேலை செய்ய மிச்சம் இருப்பது 23 மீட்டர்தான். அதோடு, வேகம் கூடும்போது பிரேக் தூரம் அதே அளவில் கூடுவதில்லை. வேகத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கு ஆனால் தூரம் நான்கு மடங்கு.

மழை நேரத்தில் டயரின் பிடிப்பு பாதியாகக் குறைந்தால், 100-ல் பிரேக் தூரம் மட்டுமே 49-ல் இருந்து 98 மீட்டர் ஆகிவிடும். அதிலும் நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழை மோசமானது. சாலையில் படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு சேர்ந்து குழம்பாகிவிடும்.

'பம்ப் பண்ணு' என்பது பழைய பாடம்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர்கள் பல வருடமாகச் சொல்லிவந்த அறிவுரை: சடன் பிரேக் போடாதே, விட்டு விட்டு மிதி. ஏபிஎஸ் இல்லாத காலத்தில் அது சரியான அறிவுரை. சக்கரம் லாக் ஆகிவிட்டால் வண்டி ஸ்லெட்ஜ் மாதிரி நேராக வழுக்கிக்கொண்டு போகும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வரும் எல்லா கார்களிலும் ஏபிஎஸ் கட்டாயம். மாஸ்டர் காலால் செய்த 'பம்ப்' வேலையை அது ஒரு நொடிக்குள் பல முறை தானே செய்துவிடும். ஓட்டுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். முழு பலத்தோடு மிதித்து, வண்டி நிற்கும்வரை காலை எடுக்காமல் இருப்பது. கியர் வண்டியில் கிளட்சையும் சேர்த்து மிதித்தாலும் தப்பில்லை.

சொல்ல எளிது. செய்வதில் இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் கடகடவென உதறும், சத்தமும் வரும். முதல் முறை அனுபவிப்பவர் 'ஏதோ உடைஞ்சிடுச்சு' என்று பயந்து காலை எடுத்துவிடுவார். எடுக்கவே கூடாத நொடி அது. இரண்டாவது, பெரும்பாலானவர்கள் போதுமான பலத்தோடு மிதிப்பதே இல்லை. 1990-களில் மெர்சிடிஸ் நிறுவனம் சிமுலேட்டரில் சாதாரண ஓட்டுநர்களை உட்காரவைத்துச் சோதித்தபோது இது தெரியவந்தது. வேகமாக மிதிக்கிறார்கள், ஆனால் அழுத்தமாக மிதிப்பதில்லை. அதன் விளைவாகத்தான் 1996-ல் 'பிரேக் அசிஸ்ட்' என்ற தொழில்நுட்பம் வந்தது. கால் வேகமாக இறங்கினாலே, ஆள் பயந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு வண்டியே முழு பிரேக்கைப் போட்டுவிடும்.

பழைய கார் வாங்கியவர்கள் கவனிக்க: 2019-க்கு முந்தைய பல மாடல்களில், குறிப்பாகக் குறைந்த விலை வேரியன்ட்களில், ஏபிஎஸ் இருக்காது. சாவி போட்டதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் என்ற விளக்கு எரிந்து அணைந்தால் இருக்கிறது என்று அர்த்தம். எரிந்தே கிடந்தால் இருந்தும் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அது இல்லாத வண்டிக்கு மாஸ்டரின் பழைய பாடம்தான் இன்றைக்கும் சரி. இன்னொன்று, சாலையோரம் லாரியில் இருந்து கொட்டிக்கிடக்கும் மணல், எம்-சாண்ட் மேல் ஏபிஎஸ் வண்டி நிற்க வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் எடுக்கலாம். ஸ்டீயரிங் மட்டும் கைவசம் இருக்கும்.

மாடு குறுக்கே வந்தால் திருப்பலாமா?

1997-ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார் பத்திரிகை ஒன்று புத்தம்புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் காரை ஒரு சோதனைக்கு உட்படுத்தியது. சாலையில் திடீரென எல்க் என்ற பெரிய மான் குறுக்கே வந்தால் சட்டெனத் திருப்பி, மறுபடி லேனுக்கு வருவது போன்ற சோதனை. கார் கவிழ்ந்துவிட்டது. உலகம் முழுக்க நாறிப்போன அந்தச் செய்திக்குப் பிறகு, மெர்சிடிஸ் விற்ற கார்களைத் திரும்பப் பெற்று, வண்டி நிலைதடுமாறாமல் காக்கும் இஎஸ்பி கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. மானுக்குப் பதில் மாடு என்று போட்டுக்கொண்டால் நம்மூருக்கும் அதே சோதனைதான்.

டயர் ஒவ்வொன்றும் சாலையைத் தொட்டுக்கொண்டிருப்பது சுமார் ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான். அந்தப் பிடிப்பைச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். முழுதையும் பிரேக்குக்குச் செலவழித்துவிட்டால் திருப்பக் காசு இருக்காது. ஏபிஎஸ் செய்வது, திருப்புவதற்கென்று கொஞ்சம் மிச்சம் பிடித்துவைப்பது. அதனால் ஏபிஎஸ் வண்டியில் பிரேக்கை விடாமலேயே திருப்ப முடியும்.

ஆனால் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்லும் வரிசை வேறு. முதலில் பிரேக். வேகம் குறைந்த பிறகும் இடம் போதவில்லை, பக்கத்து லேன் காலியாக இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் திருப்புவது. 100-ல் போகும்போது சட்டென ஒடித்தால், உயரமான எஸ்யூவி கவிழலாம். சென்டர் மீடியனில் ஏறலாம். பக்கத்தில் வரும் பைக்கை அடிக்கலாம். மூன்றாவது ஆபத்து ஐரோப்பியப் பாடப்புத்தகங்களில் அவ்வளவாக வராது. இங்கே அதுதான் முதல் ஆபத்து.

கண் எங்கே பார்க்கிறது என்பதும் முக்கியம். பயத்தில் லாரியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கை தானாக லாரியை நோக்கியே போகும். போக வேண்டிய இடைவெளியைப் பார்க்கச் சொல்கிறார்கள். ரேஸ் ஓட்டுபவர்கள் பல மாதம் பழகுவது இதைத்தான்.

தண்ணீரில் வண்டி மிதந்தால்?

செம்பரம்பாக்கம் ஏரியை ஒட்டிய இந்தப் பகுதிக்கு மழைநீர் தேங்குவது புதிதில்லை. சாலையின் நிலையும் பல காலமாகப் பிரச்சினைதான். மதுரவாயல் - வாலாஜாபேட்டை சாலை மோசமாக இருக்கிறது என்று, 2020 டிசம்பரில் நெமிலி, சென்னசமுத்திரம் சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணம் மட்டுமே வசூலிக்க வேண்டும் எனச் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது.

தேங்கிய நீரில் வேகமாகப் போகும்போது, டயருக்கும் சாலைக்கும் நடுவில் தண்ணீர் புகுந்து வண்டியைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் திடீரென லேசாகிவிடும். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்துவதும் ஸ்டீயரிங்கை ஒடிப்பதும்தான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. இரண்டும் தப்பு. ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால் வேகம் குறைந்து டயர் மறுபடி தரையைத் தொடும்.

இதில் ஓட்டுநரின் திறமையைவிட டயரின் நிலைமைதான் பேசும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளுவது டயரின் பட்டன். சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் இருக்க வேண்டும். பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடு ஒன்று இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் அளவுக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. 'இன்னும் ஒரு சீசன் ஓடும்' என்று மெக்கானிக் சொன்னால், எந்த சீசன் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

டயர் வெடித்தாலும் ஏறக்குறைய இதே விதிதான்: பிரேக்கைத் தொடாமல் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறையவிட்டு, ஓரம் கட்டுவது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெடலைப் பலமுறை மிதித்துப் பார்த்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஓடும்போது சாவியைத் திருப்பி ஆஃப் செய்யக் கூடாது. ஸ்டீயரிங் கல்லாகிவிடும், லாக்கும் ஆகலாம்.

பயிற்சி கொடுத்ததும் விபத்து அதிகமானது எப்படி?

இப்போது அந்த நாட்டுக் கதைக்கு வருவோம். நார்வே. பாதி வருடம் பனியும் ஐஸும் கிடக்கும் ஊர். புதிதாக லைசென்ஸ் எடுப்பவர்கள் வழுக்கும் டிராக்கில் வண்டியை மீட்கும் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று 1979-ல் விதி கொண்டுவந்தார்கள். யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பத்து வருடம் கழித்து, 1988-ல் ஆய்வு முடிவு வந்தபோதுதான் அதிர்ச்சி. இந்தப் பயிற்சி எடுத்த இளம் ஆண்களிடம் விபத்து குறையவில்லை, கூடியிருந்தது!

ஏன்? சில மணி நேரப் பயிற்சியில் திறமை கொஞ்சம்தான் வளர்கிறது. 'எனக்குத் தெரியும்' என்ற நினைப்பு நிறைய வளர்ந்துவிடுகிறது. முன்பு மழை என்றால் 60-ல் போனவர், இப்போது 80-ல் போகிறார். சறுக்கினால் மீட்டுவிடலாம் என்ற தைரியம். பயிற்சியில் கிடைத்த லாபத்தைவிட வேகத்தில் போன நஷ்டம் அதிகம்.

பக்கத்து நாடான ஸ்வீடனில் கிரெகர்சென் என்ற ஆய்வாளர் இதையே சோதித்துப் பார்த்து 1996-ல் வெளியிட்டார். கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு அவசர நேரத்தில் வண்டியைச் சமாளிக்கும் திறமையைச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, அந்த நேரத்தில் தங்களால் சமாளிக்க முடியாது என்பதை அவர்களே உணரும்படி செய்தார்கள். பிறகு டெஸ்ட் வைத்தால், ஓட்டும் திறமையில் இரு குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. ஆனால் முதல் குழுவினர் தங்களைப் பற்றி மிக உயர்வாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1999-ல் ஸ்வீடன் தன் பாடத்திட்டத்தையே மாற்றியது. 'எப்படி மீட்பது' என்பதில் இருந்து 'எவ்வளவு சீக்கிரம் கைமீறிப் போகிறது' என்பதற்குப் பாடம் நகர்ந்தது.

சரி, முறையாகப் பல வருடம் பழகிய ரேஸ் வீரர்கள்? அமெரிக்காவில் 1974-ல் ரேஸ் லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் சாதாரண சாலைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அதே வயதுள்ள சாதாரண ஓட்டுநர்களைவிட அவர்கள் மேல் வேக வழக்குகள் அதிகம். விபத்துகளும் மொத்தத்தில் அதிகம்.

அப்படியானால் டிராக் பயிற்சியே வேண்டாமா என்றால், ஆஸ்திரியா வேறு பதில் வைத்திருக்கிறது. 2003 முதல் அங்கே லைசென்ஸ் வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் மறுபடி வர வேண்டும். டிராக்கில் பிரேக் பயிற்சி உண்டு. கூடவே, ஒரு உளவியலாளருடன் உட்கார்ந்து, எந்த மனநிலையில் வேகமாக ஓட்டுகிறோம் என்று குழுவாகப் பேசவும் வேண்டும். அதன்பிறகு இளம் ஓட்டுநர்களின் விபத்துகள் குறைந்ததாக அங்குள்ள ஆய்வுகள் சொல்கின்றன. நம்மூரில் 'சைக்காலஜிஸ்ட் கிட்ட எதுக்குப் போகணும், எனக்கென்ன பைத்தியமா' என்ற கேள்விதான் முதலில் வரும்.

2022 அறிக்கையில் இந்தியச் சாலை மரணங்களில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த நிலையில் இருக்கும் நாட்டுக்கு நார்வேயின் பாடம் இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

பணம் கட்டும் முன் என்ன பார்க்க வேண்டும்?

சினிமாவில் வரும் டிரிஃப்ட், ஹேண்ட் பிரேக் போட்டுச் சுழற்றுவது, ரிவர்ஸில் போய்த் திருப்புவது எல்லாம் பாடத்திட்டத்தில் முன்னால் நின்றால், அது பொழுதுபோக்குப் பயிற்சி. ஜாலியாக இருக்கும், தப்பில்லை; உயிர் காக்கும் கணக்கில் மட்டும் சேர்க்க வேண்டாம். வி.ஐ.பி. பாதுகாப்பு டிரைவர்களுக்கு வேண்டிய திறமையும் ஆபீஸ் போய் வருபவருக்கு வேண்டிய திறமையும் ஒன்று கிடையாது.

உபயோகமான பயிற்சி கொஞ்சம் போரடிக்கும். சீட்டைச் சரி செய்வதிலேயே அரை மணி நேரம் போகும். முதுகு சீட்டில் சாய்ந்திருக்கும்போது மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். பிரேக்கை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். படுத்துக்கொண்டு ஓட்டும் ஸ்டைலில் முழு பலத்தோடு பிரேக் மிதிக்க முடியாது. பிறகு 40, 60, 80 என்று ஒவ்வொரு வேகத்திலும் முழு பிரேக். ஒவ்வொரு முறையும் நின்ற இடத்தில் ஒரு கோன் வைப்பார்கள். அதே வேகத்தில் ஈரத் தரையில் மறுபடி. எங்கே நிற்கும் என்று முதலிலேயே கேட்டுவிட்டு, பிறகு நிறுத்தச் சொல்வார்கள். ஓட்டியவர் சொன்ன இடத்துக்கும் வண்டி நின்ற இடத்துக்கும் உள்ள தூரம்தான் அந்த நாளின் உண்மையான பாடம். சொந்தக் காரிலேயே பயிற்சி எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

இதை யூடியூபில் பார்த்துவிட்டு வெளிவட்டச் சாலையில் ராத்திரி போய்ப் பழகலாம் என்ற யோசனை வந்தால், அதை அங்கேயே விட்டுவிடலாம். பொதுச் சாலையில் ரேஸ், வேகப் பரீட்சை செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பின்னால் வரும் வண்டிக்கு நடப்பது பயிற்சி என்று தெரியாது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. ஏபிஎஸ் உதறல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, ஆள் நடமாட்டமே இல்லாத, அனுமதி பெற்ற காலி இடத்தில், 30 கி.மீ. வேகத்தில், ஈரத்தரையில் ஒரு முறை முழுதாக மிதித்துப் பார்த்தாலே போதும். அந்தச் சத்தம் அடுத்த முறை பயமுறுத்தாது.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று

மூன்று நொடி இடைவெளி. முன்னால் போகும் வண்டி ஒரு மெட்ரோ தூணையோ கம்பத்தையோ கடக்கும்போது எண்ண ஆரம்பிக்க வேண்டும்: ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று. அதை முடிப்பதற்குள் சொந்த வண்டி அதே கம்பத்தைத் தொட்டால், நெருக்கமாகப் போகிறது என்று அர்த்தம். 80-ல் மூன்று நொடி என்பது 67 மீட்டர். மேலே பார்த்த 65 மீட்டர் கணக்கு நினைவிருக்கும். மழை என்றால் எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

'அவ்வளவு கேப் விட்டா நடுவுல ஆள் பூந்துடுவாங்களே' என்பதுதான் இந்தச் சாலையில் ஓட்டும் எல்லோரும் சொல்லும் பதில். உண்மைதான், பூந்துவிடுவார்கள். அப்படி ஒருவர் பூந்தால் மறுபடி பின்வாங்கி மூன்று நொடி விட, இழப்பது இரண்டு மூன்று நொடி. பூந்தமல்லியில் இருந்து ஸ்ரீபெரும்புதூர் போவதற்குள் பத்து பேர் பூந்தாலும் மொத்த நஷ்டம் அரை நிமிடம். அந்தச் சுமார் 20 கி.மீ. தூரத்தை 100-ல் விடாமல் போனால் 12 நிமிடம், 80-ல் போனால் 15 நிமிடம். நடுவில் சிக்னலும் சுங்கச்சாவடியும் இருப்பதால், அந்த மூன்று நிமிடமும் பெரும்பாலும் கையில் நிற்பதில்லை.